பூ மூடுவதற்குள்

அத்தியாயம் பதினேழு

கண்ணிமைக்கு வண்ணம் தீட்டும் பிரஷ்ஷைப் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துப்போய், பூசணிப் பூவில் தேய்த்துவிட்டு, கழுவாமல் அதே டப்பாவில் திருப்பி வைத்த புருஷனை என்ன செய்யலாம்?

நம் பியூட்டி என்ன செய்தாள் என்பது சென்ற வாரம் தெரு முழுக்கக் கேட்டது. "நான் உங்களத்தான் கட்டிக்கிட்டேன், உங்க பூசணிக் கொடிய இல்ல!" அவ்வளவுதான். அதற்குப் பிறகு கேட்டது பெட்டியை மூடும் சத்தம்.

அந்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று ஒதுங்கிப் போகிறவர்கள் இந்தத் தெருவுக்கு இன்னும் குடிவரவில்லை. ஆகவே மறுநாள் காலை, கதவோரம் பெட்டி நிற்பதை எல்லோரும் பார்த்தாயிற்று. நாலு தெருவுக்கு மணப்பெண் அலங்காரம் செய்த கை அவளுடையது. பியூட்டி என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. டவுனில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடை காலியாகியிருக்கிறது. அழகு நிலையம் வைக்க ஆறு மாதமாகத் தேடிய கடை. மதியத்துக்குள் வந்து சாவி வாங்கவில்லை என்றால் அடுத்த ஆளுக்கு என்று கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். காலை பஸ்ஸை விட்டால் மதியத்துக்குள் டவுன் போய்ச்சேர வேறு வழி கிடையாது.

பஸ் வர நிறைய நேரம் இருந்தது. வெளிச்சமே இப்போதுதான் எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் கொல்லைப்புற வயலிலிருந்து ஒரு அலறல்.

அலறியது புருஷன். விதைக்காரன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவன் விளைவிக்கும் பூசணி யார் வீட்டு அடுப்புக்கும் போகாது. பழுத்து முற்றியதும் பிளந்து விதையை மட்டும் எடுப்பான். சதை மாட்டுக்கு. "இவ்வளவு பாடுபட்டு மாட்டுக்குப் போடுற ஒரே மனுஷன் உலகத்துலயே எங்க வீட்டுக்காரர்தான்" என்று பியூட்டி தன் தோழிகளிடம் போனில் சொல்லிச் சிரித்ததும் நமக்குத் தெரிந்ததே.

ஓடிவந்து பார்த்தால், அவன் வலது கை மணிக்கட்டுக்குக் கீழே பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது.

"குளவி" என்றான்.

"எங்கடா போய்க் கைய விட்ட?" என்று கேட்டபடி வந்தாள் அவன் அக்கா. டவுனில் ஒரு மாணவர் விடுதிச் சமையலறையை ஆளுகிறவள். ஹாஸ்டல் அக்கா என்றால்தான் தெரியும். இரண்டு நாள் விடுப்பு எடுத்துத் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். சமாதானம் பேச வந்ததாக அவள் சொன்னாள். முன்வரிசையில் உட்கார்ந்து சண்டை பார்க்க வந்ததாகத் தெரு சொன்னது.

"இலைக்கடியில கூடு இருந்துருக்கு. பாக்கல."

"விரல மடக்கு பாப்போம்."

மடங்கவில்லை. அவன் வயலையே பார்த்துக்கொண்டு நின்றான். பூவுக்குப் பூ மகரந்தப் பொடி தடவ வேலைக்கு வரும் நாலு பெண்களும் இன்று வரமாட்டார்கள். நாலாவது பெண்மணியின் மகளுக்குக் கல்யாணம். மற்ற மூவரும் அங்கே. பரவாயில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நேற்று பெருமையாகச் சொல்லியனுப்பியவன் இவன்தான்.

பிறகு மெல்லத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றான்.

"கேக்காதீங்க."

"கேக்கலங்குறேன்ல."

"பாக்குறீங்கல்ல? அது கேக்குற மாதிரிதான் இருக்கு."

ஹாஸ்டல் அக்கா நடுவில் புகுந்தாள். "அவ எதுக்குடா? நான் இருக்கேன். நானூறு பேருக்குப் பொங்கிப் போடுற கை. நாலு பூவத் தடவத் தெரியாதா?"

முதல் பூவிலேயே தெரிந்துவிட்டது. அண்டாவைத் தூக்கிப் பழகிய கட்டைவிரல் பட்டதும் பூ காம்போடு கையில் வந்துவிட்டது. இரண்டாவது பூவில் அடியிலிருந்த பிஞ்சும் சேர்ந்து வந்தது. மூன்றாவதை விதைக்காரன் தொடவே விடவில்லை.

"அக்கா, நீ கொஞ்சம் தள்ளி நில்லுக்கா. உன் நிழல் பட்டாலே உதுந்துரும் போலருக்கு."

பியூட்டிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு தன் டப்பாவைத் திறந்து, இருப்பதிலேயே மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்தாள்.

"பஸ் வர்ற வரைக்கும்தான். ஹாரன் கேட்டா நான் கெளம்பிடுவேன்."

அவன் தலையாட்டினான். அதற்குமேல் பேசினால் மனம் மாறிவிடுவாள் என்ற பயம்.

கல்யாணமாகி ஆறு மாதத்தில் அவள் அந்த வயலுக்குள் இறங்கியதே இல்லை. துணி காயப்போடும்போது தூரத்தில் பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான். இப்போது உள்ளே வந்து நின்றதும் ஏதோ கூட்டமான மண்டபத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது போலிருந்தது. முழங்கால் உயர இலைகள். அவற்றுக்கு நடுவே வாய் கட்டிய மஞ்சள் பூக்கள்.

"எதுக்கு எல்லாத்தையும் கட்டி வெச்சிருக்கீங்க?"

"இல்லேன்னா தேனீ முந்திக்கும்" என்றான். "இங்க ரெண்டு ரகம் இருக்கு. இந்தப் பக்கம் இருக்கிறது காய்ச்சுத் தள்ளும், ஆனா நோய் வந்தா ஒரே வாரத்துல கருகிடும். அந்தக் கடைசி வரப்போரம் இருக்கிறது நோய்க்கு அசையாது, ஆனா காய் கைக்குள்ள அடங்கிடும். அதோட பொடிய இதோட பெண் பூவுல வெச்சா, வர்ற விதையில ரெண்டு குணமும் இருக்கும். நாமளே வெக்கணும். தேனீ எங்க உக்காந்துட்டு வருதுனு யாருக்குத் தெரியும்?"

"வெக்கலேன்னா?"

"பத்து மணி வாக்குல பூ மூடிக்கும். நாளைக்குத் தொறக்காது. ஒரு பூவுக்கு ஒரு காலைதான்."

இதை அவன் ரயில் நேரம் சொல்வது போலச் சொன்னான். ஆனால் அவள் கை ஒரு நொடி நின்றுவிட்டது. மணப்பெண்களின் தாய்மார்கள் எத்தனை பேர் அவளிடம் 'ஒரு நாள்தாம்மா, நல்லாப் பண்ணிடு' என்று சொல்லியிருப்பார்கள்! அந்த மணப்பெண்களுக்குக்கூட மாலையில் ஒரு வரவேற்பு இருந்தது. இந்தப் பூவுக்கு அதுவும் கிடையாது.

அவள் முதல் நூலை அவிழ்த்தாள்.

இதழ்கள் உடனே விரியவில்லை. கொஞ்சம் யோசித்தன. பிறகு ஓசையில்லாமல் ஒவ்வொன்றாகப் பின்னால் சாய்ந்து, ஐந்து மூலையுள்ள ஒரு பெரிய மஞ்சள் கிண்ணமாக நின்றது பூ. அடியில் பளபளவென்று ஒரு குட்டிப் பூசணி, கோலிக்குண்டு அளவு. பூ மலரும் முன்பே பிஞ்சு தயாராக இருக்கிறது. இன்று காலை ஏதாவது நடந்தால் வளரும். நடக்காவிட்டால் நாலு நாளில் பழுத்து உதிரும்.

"அட" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

வரப்போரத்து ஆண் பூக்களிலிருந்து விதைக்காரன் இடது கையால் உதிர்த்துக் கொடுத்த பொடி ஒரு சின்னக் கிண்ணத்தில் இருந்தது. அதில் பாதியை அவள் தான் வண்ணம் குழைக்கும் சின்னத் தட்டில் கொட்டிக்கொண்டாள். பிரஷ்ஷை முக்கி, பூவின் நடுவிலிருந்த மூன்று மடல்களில் மேலாக ஒற்றினாள். பூவை மூடினாள், சிவப்பு நூலால் கட்டினாள், அடுத்ததற்கு நகர்ந்தாள். நாலாவது பூவில் அவள் கைக்கு ஒரு தாளம் வந்துவிட்டது. தள்ளி நிற்கச் சொல்லப்பட்ட ஹாஸ்டல் அக்கா வரப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் பண்ற" என்றாள் கடைசியில், பல் பிடுங்கியது போல.

ஒரு வரிசை முடிந்தது. விதைக்காரன் எட்டிப்போய்ப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"இது ஏன் இப்படிக் குழைஞ்சு கெடக்கு?"

"எது?"

"பொடி. இது காஞ்சு இருக்கணுமே."

பியூட்டி நிமிர்ந்தாள். இடுப்பில் ஒரு சின்னப் பாட்டில் தொங்கியது. அழகு நிலையத்தில் ஒருவர் முகத்தில் பட்ட பிரஷ் இன்னொருவர் முகத்தில் படவே கூடாது; ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்த பிறகுதான் அடுத்த முகம். அதை அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். இங்கேயும் ஒவ்வொரு பூவுக்கும் அப்படியே செய்திருந்தாள், ஒன்றுகூட விடாமல்.

"சுத்தமா இருக்கட்டும்னு…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை, சண்டைக்கு அவளிடம் பதில் இருந்தது. அவன் குனிந்து, கட்டிய நூல் ஒன்றை அவிழ்த்து உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டினான்.

"ஈரம் பட்டா அது செத்துரும்" என்றான். "வெடிச்சுரும்."

"பொடி எப்படி வெடிக்கும்?"

"பாரேன்."

டப்பாவில் கரும்புள்ளி பார்க்கும் பூதக்கண்ணாடி இருந்தது. விளக்கு வைத்தது. அவள் முதலில் அவன் கிண்ணத்தில் மிச்சமிருந்த காய்ந்த பொடியைப் பார்த்தாள்.

பொடி என்று நினைத்தது பொடியில்லை. உருண்டை உருண்டையாகப் பந்துகள். ஒவ்வொன்றும் தங்கத்தில் செய்த மாதிரி. மேலெல்லாம் நுணுக்கி நுணுக்கி முள் வைத்திருந்தது. பவுடர், மினுமினுப்பு, மஞ்சள், சந்தனம் என்று கண்ணுக்குத் தெரிந்த எல்லாப் பொடியையும் தொட்டவள் அவள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் இவ்வளவு அலங்காரம் யார் செய்தது?

பிறகு தன் தட்டைப் பார்த்தாள். அங்கே பந்து இல்லை. மஞ்சளாக ஒரு சேறு.

"அந்த வரிசை முழுக்கப் போச்சா?" என்றாள்.

"போச்சு."

"திரும்பத் தடவ முடியாதா?"

"பூவும் நனைஞ்சிருச்சே."

ஹாஸ்டல் அக்கா எழுந்து வந்தாள். இந்நேரம் ஒரு குத்தல் வந்திருக்க வேண்டும். பியூட்டியே அதை எதிர்பார்த்துத் தோளை நிமிர்த்திக்கொண்டாள். ஆனால் அக்காவின் பார்வை வேறெங்கோ போனது.

"டேய், அங்க பாரு. அந்த இலைக்கடியில ஒரு ஆண் பூ தொறந்து கெடக்கு. பொடி கொட்டுது. அத எடுத்து மிச்சத்துக்கு வெச்சுட்டாப் போச்சு! எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க?"

உண்மைதான். பெண் பூ வரிசைக்குள்ளேயே, நேற்று பறிக்கத் தவறிய ஆண் பூ ஒன்று கொழுகொழுவென்று திறந்து கிடந்தது. தட்டில் போட்டது சேறாகிவிட்டது. கிண்ணத்தில் மிச்சமிருந்ததோ பாதி. இன்னும் வயலில் முக்கால்வாசிப் பூக்கள் வாய் கட்டிக் காத்திருந்தன.

"அது இந்த ரகத்தோட பூ அக்கா. கருகுற ரகம்."

"தடவினா காய் வராதா?"

"வரும்."

"விதை?"

"அதுவும் வரும். பாத்தா வித்தியாசமே தெரியாது." அவன் கொஞ்ச நேரம் வீங்கிய கையைத் தடவிக்கொண்டிருந்தான். "அடுத்த வருஷம் எவனோ ஒருத்தன் அத வாங்கி நடுவான். கொடி ஓடும், பூ விடும், அவன் பெண்டாட்டி புள்ளைங்க எல்லாம் பாத்துச் சந்தோஷப்படும். அப்புறம் நோய் வரும். அவன் மண்ணத் திட்டுவான், மழையத் திட்டுவான். என்னத் திட்ட மாட்டான். நான் ஒருத்தன் இருக்கேன்னே அவனுக்குத் தெரியாதே."



ஹாஸ்டல் அக்கா அந்த ஆண் பூவின் பக்கம் போய் நின்றாள். அவள் குரலில் வழக்கமான எகத்தாளம் இல்லை.

"போன வருஷம் அந்த நோய் வந்தப்ப மார்க்கெட்ல பாதிக் கூடை காலிடா. அண்டாவுல தண்ணிதான் கொதிச்சுது. நாலு துண்டு காய் போட்டு நானூறு தட்டுக்கு ஊத்தினேன். ஒரு புள்ள வந்து 'அக்கா, இன்னிக்கு எதுவும் பண்ணலையா?'ன்னு கேட்டுச்சு. சாப்ட்டு முடிச்சுட்டுக் கேட்டுச்சுடா." அவள் குனிந்து அந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து வரப்புக்கு வெளியே எறிந்தாள். "நான் வியாபாரிய வண்டவண்டயாத் திட்டினேன். இப்படி ஒரு இடத்துல, இப்படி ஒரு காலையில ஆரம்பிக்குதுனு எனக்கு எங்க தெரியும்?"

பியூட்டி கண்ணாடியை இன்னும் கையில் வைத்திருந்தாள். ஒரு முள்பந்து ஒரு விதை. ஒரு பூவுக்குள் நூற்றுக்கணக்கில். ஒவ்வொரு விதையும் ஒரு கொடி. ஒவ்வொரு கொடியிலும் காய்கள். ஒவ்வொரு காயும் எந்த ஊர் அண்டாவிலோ, யார் தட்டிலோ. அவள் ஒரு பூவிலிருந்து ஆரம்பித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டாவது வருஷத்திலேயே ஒரு தெரு நிறைந்தது. மூன்றாவதில் ஊர் நிறைந்து, அதற்குமேல் எண்ணிக்கை அவள் பிடியிலிருந்து நழுவிப் போய்விட்டது. சந்தையில் காய்க்காரியிடம் 'இதுக்கு ஏன் இவ்வளவு?' என்று மூக்கைச் சுளித்த நாட்கள் மட்டும் நினைவில் நின்றன.

இவ்வளவும் ஒரு கண்ணிமைப் பிரஷ்ஷின் நுனியில்.

அப்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது.

பியூட்டி நிமிர்ந்தாள். வீட்டுக் கதவோரம் பெட்டி. கையில் பிரஷ். பின்னால், அவள் பாழாக்கிய ஒரு வரிசை. முன்னால், வாய் கட்டிய வரிசைகள். விதைக்காரன் ஒன்றும் கேட்கவில்லை. இந்த முறை பார்க்கவும் இல்லை. வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பி நின்றான்.

"போம்மா" என்றான், இலைகளிடம். "கடை போயிடும்."

அவள் நகரவில்லை. கண் மட்டும் கலங்கியது. போனால் மானம் போகும், போகாவிட்டால் கடை போகும்.

"ரெண்டு பேரும் நடிச்சுக்கிட்டே நில்லுங்க, பஸ் உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும்!" என்றாள் ஹாஸ்டல் அக்கா. முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "கடைக்காரன் போன் நம்பரக் குடு."

"அண்ணி?"

"உன் கடைய நான் போய்ப் புடிச்சு வெக்கிறேன். நான் இங்க இருந்தா இருக்கிற பூவும் போயிடும். நீ இதப் பாரு."

"அண்ணி, அவரு ரொம்பக் கறாரான ஆளு…"

"நானூறு பசங்களுக்கு ரெண்டாவது கரண்டி இல்லேனு சொல்ற வாய் இது. அவன் எம்மாத்திரம்?"

சொல்லிவிட்டு ஓடினாள். ஹாஸ்டல் அக்கா ஓடி இந்தத் தெரு பார்த்ததில்லை. இரண்டு வீட்டு ஜன்னல்கள் அதற்காகவே திறந்தன. பஸ் உறுமி, ஒருமுறை நின்று, கிளம்பிப் போனது.

பியூட்டி ஸ்பிரிட் பாட்டிலை இடுப்பிலிருந்து கழற்றி வரப்பில் வைத்தாள். புதுப் பிரஷ் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"இவ்வளவுதான் பொடியா?"

"இவ்வளவுதான். பாதி வயலுக்குத்தான் வரும்."

"யார் சொன்னது?" என்றாள். ஒரு டப்பா பவுடரை மூன்று கல்யாணத்துக்கு இழுத்தவள் அவள். அவள் அப்பாவின் கடைசி வருஷங்களில் அப்படித்தான் குடும்பம் ஓடியது. பிரஷ்ஷை முக்கவில்லை. நுனியைத் தொட்டு, கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, மிச்சத்தைத் திருப்பி உள்ளேயே உதிரவிட்டாள். நுனியில் நின்றதை மட்டும் பூவின் மூன்று மடல்களுக்கும் பங்கிட்டாள். அவன் இடது கையால் நூலை அவிழ்த்தான், அவள் ஒற்றினாள், அவன் பல்லால் நூலைக் கடித்துக் கட்டினான். பல்லால் கட்டிய முடிச்சு அசிங்கமாக இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது பெரிய விஷயம்.

வெயில் ஏறியது. முதலில் வயலின் கிழக்கோரத்தில், பிறகு நடுவில், பூக்கள் விளிம்பைச் சுருட்ட ஆரம்பித்தன. யாரோ உள்ளேயிருந்து மெல்ல இழுத்துக்கொள்வது மாதிரி. அவள் முதுகு விண்ணென்று தெறித்தது. கடைசி வரிசைக்கு வரும்போது பாதி மூடியிருந்த இதழ்களுக்குள் பிரஷ்ஷை நுழைத்து ஒற்ற வேண்டியிருந்தது. கடைசிப் பூ கிட்டத்தட்டத் தூங்கிவிட்டது. அதன் காதில் ரகசியம் சொல்வது போலக் குனிந்து, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு, ஒரு முறை தொட்டாள்.

கிண்ணம் காலி. வயல் முழுக்க மூடிக்கொண்டது.

"பிடிச்சிருக்குமா?" என்று கேட்டாள்.

"நாலு நாளாகும் தெரிய."

"உங்களுக்கு எப்படித் தோணுது?"

"எனக்கு எப்பவுமே தோணாது. தெனமும் பயம்தான்." முதல்முறையாகச் சிரித்தான். "தெனமும் பயந்துகிட்டே வருஷா வருஷம் வெளஞ்சுக்கிட்டிருக்கு."

இருவரும் வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். சிவப்பு நூல்கள் வயல் முழுக்கத் தெரிந்தன. தன் வரிசை எது என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. அங்கே நாலு நாளில் மஞ்சளாகி உதிரப்போகும் பிஞ்சுகளை அவளே போய்ப் பொறுக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டாள். அவனிடம் சொல்லவில்லை.

சாயங்கால பஸ்ஸில் ஹாஸ்டல் அக்கா வந்து இறங்கினாள். நடையைப் பார்த்ததுமே காரியம் பழம் என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது. நேராக வயலுக்கே வந்து, பியூட்டியின் கையைப் பிடித்துச் சாவியை வைத்தாள்.

"கெடைச்சிருச்சா அண்ணி!"

"கெடைக்காம? அடுத்த ஆளு வாசல்லயே நின்னான். அவன ஒரு பார்வ பாத்தேன், ஒதுங்கிட்டான்." பிறகு குரல் இறங்கியது. "ஒரே ஒரு விஷயம்."

"என்ன?"

"கடையப் பூட்டி வெச்சு எடம் புடிக்கிற வேலயெல்லாம் ஆகாதுன்னான் கடைக்காரன். நாளைக்குக் காலையில நீயே வந்து தொறக்கணுமாம். தொறக்கலேன்னா சாவி அந்த அடுத்த ஆளுக்குத்தானாம். 'தொறப்பா'ன்னு சொல்லிட்டேன். நான் வேற என்னத்தச் சொல்ல?"

பியூட்டி புருஷனைப் பார்த்தாள். அவன் கை இன்னும் பன்னாகத்தான் இருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனவர்கள் நாளை மறுநாள்தான் வருவார்கள். அவன் இருட்டுவதற்குள் வாய் கட்ட வேண்டிய மறுநாளைய மொட்டுகளைத் தேடி இலைகளை விலக்கிக்கொண்டிருந்தான். இன்றைக்கு இருந்ததைவிட அதிகம் என்று அவன் முகமே சொன்னது.

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு மண்டியிட்டாள். கைக்கு எட்டிய முதல் மொட்டின் நுனியில் மஞ்சள் தெரிந்தது. விடிந்ததும் அது திறக்கும். அவள் டவுனில் இருந்தாலும் திறக்கும். இங்கே இருந்தாலும் திறக்கும்.

அவள் அதன் வாயைக் கட்டத் தொடங்கினாள்.